மலைப்பாம்புக்கு ஒரு வீடு: கூண்டுகளின் 170 வருஷக் கதை

இந்த வாரம் ஒரு வரைபடத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் காலேஜ் சீனியர் ஒருத்தர் ஆஸ்திரேலியாவுல, பிரிஸ்பேன்ல இருக்கார். மெக்கானிக்கல் படிச்சவர். பேர் வேண்டாம், அண்ணன்னே சொல்றேன். மூணு வருஷமா ஒரு மலைப்பாம்பு வளர்க்கிறார். கார்ப்பெட் பைத்தான், அந்த ஊர் மண்ணுக்கே உரிய பாம்பு. உரிமம் வாங்கி, முறையா வளர்க்கிறார். (எங்க ஆபீஸ்ல "பைத்தான்"னு சொன்னா எல்லாரும் லேப்டாப்பைத் திறப்பாங்க. அந்தப் பைத்தான் இல்ல இது.)

இவ்வளவு நாள் வீட்டுக்குள்ள கண்ணாடிப் பெட்டியில இருந்த பாம்பு இப்போ ரெண்டேகால் மீட்டர் நீளம் வளர்ந்திருச்சு. அதனால வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல, நாலு மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் அகலத்துல, ஆள் நிமிர்ந்து நிக்கிற உயரத்துல ஒரு பெரிய கூண்டு கட்டலாம்னு முடிவு பண்ணியிருக்கார். கையால வரைஞ்ச பிளானை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். மூலையில அவரோட நாலு வயசுப் பொண்ணு மஞ்சள் கிரேயான்ல ஒரு சூரியன் வரைஞ்சிருந்தா. கூட ஒரு வாய்ஸ் மெசேஜ்: "டேய் தம்பி, நீ ஊரெல்லாம் கோட்ல தப்பு கண்டுபிடிக்கிறவன்தானே? இதுல என்ன தப்பு இருக்குன்னு பார்த்துச் சொல்லு."

எனக்குப் பாம்பு பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டம் புரியலைன்னா, அது முன்னாடி எங்கெல்லாம் உடைஞ்சதுன்னு தேடுவேன். அப்படித் தேடப் போய்த்தான் இந்த எபிசோடு வந்தது. பாம்புக்கு மனுஷன் கட்டின வீடுகளோட வரலாறு. தேடத் தேட, எந்தக் கூண்டைப் பார்த்தாலும் மூணு கேள்வி கேட்கணும்னு தோணிச்சு. பார்க்க வர்றவங்களுக்கு இது என்ன தருது? உள்ளே இருக்கிற பாம்புக்கு என்ன தருது? வேலிக்கு வெளியில இருக்கிறவங்களுக்கு என்ன உத்தரவாதம் தருது?

இந்த மூணாவது கேள்வியை மறந்ததுக்கு யார் விலை கொடுத்தாங்கங்கிறதுதான் இன்னைக்குக் கதை. அந்தக் கதை கடைசியில நம்ம செங்கல்பட்டுப் பக்கம் வந்து நிக்கும்.

லண்டன், 1849

உலகத்துல பாம்பு, பல்லி, ஆமைகளுக்குன்னு தனியா முதல் கட்டடம் திறந்தது லண்டன் மிருகக்காட்சி சாலைதான். வருஷம் 1849. புதுசாக் கட்டினதுகூட இல்ல. ஏற்கெனவே இருந்த ஒரு கட்டடத்தை மாத்தி அமைச்சாங்க. உள்ளே வரிசையா கண்ணாடி முகப்பு வச்ச பெட்டிகள்.

இந்த வடிவமைப்பு யாருக்காக? பார்க்க வர்றவங்களுக்காக. பாம்பு கண்ணுக்குத் தெரியணும், நம்ம மேல பாயக் கூடாது. அவ்வளவுதான் தேவைப் பட்டியல். அங்க வேலை பார்க்கிறவரோட பாதுகாப்பு கூட அந்தப் பட்டியல்ல பெருசா இல்ல. 1852-ல அங்கேயே ஒரு பராமரிப்பாளர் நாகப்பாம்பைக் கையில எடுத்து விளையாட்டுக் காட்டப் போய், கடி வாங்கி இறந்துபோனார். பூட்டு எவ்வளவு நல்லா இருந்தாலும், சாவி வச்சிருக்கிற மனுஷனும் அந்த சிஸ்டத்துல ஒரு பகுதி. இதை நான் அப்பவே நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன்.

அந்தக் காலத்துப் பெட்டிகள்ல பெரிய பிரச்சனை வெப்பம். பாம்பு தன் உடம்பு சூட்டைத் தானே உண்டாக்கிக்காது. வெயில்ல கிடந்து சூடேத்தும், நிழலுக்குப் போய் ஆறும். அதாவது, பாம்புக்கு ஒரே அளவு வெப்பம் போதாது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, நடுவுல போய்வர வழி, இதுதான் தேவை. கூண்டு முழுக்க ஒரே வெப்பம்னா பாம்புக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லன்னு அர்த்தம். சாப்பிட்டது செரிக்கிறதுக்கே அதுக்குச் சூடு வேணும்.

ஜோன் பிராக்டர்: பாம்போட பக்கத்துல இருந்து யோசிச்ச பெண்

இதை முதல்ல முழுசா ஒரு கட்டடமா மாத்தினவங்க ஒரு பெண். ஜோன் பிராக்டர். 1897-ல பிறந்தவங்க. சின்ன வயசுல இருந்தே தீராத வயித்து நோய். அதனால பல்கலைக்கழகம் போகவே இல்ல. ஸ்கூல் படிக்கும்போது வீட்டுல வளர்த்த குட்டி முதலையைக் கணக்கு கிளாஸுக்குக் கொண்டு போனாங்கன்னு அவங்களைப் பத்தி ஒரு கதை உண்டு. 1923-ல லண்டன் மிருகக்காட்சி சாலையில ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனாங்க. அப்போ வயசு 26. இதைப் படிக்கும்போது, 26 வயசுல நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு யோசிச்சேன். அந்த யோசனையை அப்படியே விட்டுட்டேன்.

1927-ல திறந்த புது ஊர்வன இல்லம் அவங்க டிசைன். கட்டடக் கலைஞர் எட்வர்ட் கை டாபர் அதை வரைபடமாக்கினார். அந்தக் கட்டடத்துல மூணு விஷயம் எனக்குப் பிடிச்சது.

ஒண்ணு, மின்சார வெப்பம். ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனியா, அந்தந்தப் பிராணிக்குத் தேவையான அளவு. பாலைவனப் பல்லிக்கும் காட்டு மலைப்பாம்புக்கும் ஒரே சூடு கிடையாது.

ரெண்டு, கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி சூரிய ஒளியில இருக்கிற புற ஊதா-பி கதிர்ல பெரும்பகுதியை வடிகட்டிடும். ஊர்வன பலதுக்கும் அந்தக் கதிர் உடம்புக்கு வேணும். அதனால அந்தக் கதிரை உள்ளே விடுற வீட்டா கிளாஸ்னு ஒரு தனி வகைக் கண்ணாடியைப் பயன்படுத்தினாங்க.

மூணு, வெளிச்சம். பார்க்க வர்றவங்க நடக்கிற பாதை மங்கலா இருக்கும், கூண்டுக்குள்ள மட்டும் வெளிச்சம். மீன் காட்சியகத்துல பார்த்திருப்பீங்களே, அதே முறை. இதனால நமக்குப் பாம்பு நல்லாத் தெரியும். பாம்புக்கு நம்ம நடமாட்டம் அவ்வளவா தெரியாது.

ஒரே டிசைன்ல பார்க்கிறவருக்கும் பாம்புக்கும் நல்லது. நல்ல பொறியியல்னா இதுதான். ஜோன் பிராக்டர் 1931-ல, 34 வயசுல இறந்துபோனாங்க. அந்தக் கட்டடம் அவங்களுக்கு அப்புறமும் பல பத்து வருஷம் ஓடிச்சு.

கூரை இல்லாத வீடு

சரி, இதெல்லாம் குளிர் நாட்டுக் கட்டடம். வெயில் இலவசமாக் கிடைக்கிற நாட்டுல? அங்கே யோசனை வேற மாதிரி போச்சு.

பிரேசில்ல, சாவோ பாவ்லோ நகரத்துல புடான்டன் நிறுவனம் 1901-ல தொடங்கினது. விட்டல் பிரேசில்ங்கிற மருத்துவர் பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கிறதுக்காக நடத்தினார். அங்கே பாம்புகளைத் திறந்த வெளியில வச்சாங்க. இடுப்பளவுச் சுவர், சுவரை ஒட்டி உள்பக்கம் தண்ணி அகழி, நடுவுல புல்வெளி. புல்வெளியில பாம்பு ஒதுங்க, கவிழ்த்து வச்ச பானை மாதிரி சின்னச் சின்னக் குமிழ் வீடுகள். கூரையும் இல்ல, கம்பி வலையும் இல்ல. வெயில் வேணும்னா வெளியில வரலாம், வேண்டாம்னா குமிழுக்குள்ள போகலாம்.

படிக்கும்போது எனக்கு ரொம்ப அழகாப் பட்டது. உடனே அண்ணனுக்கு, "வலையே வேண்டாம், சுவரும் அகழியும் போதும்ண்ணே"னு மெசேஜ் போட்டேன். ரெண்டே நிமிஷத்துல பதில்: "தம்பி, அவங்க வச்சிருந்தது தரையில ஊர்ற விரியன் வகை. இது மரமேறி. தண்ணியில நீந்தும், சுவர்ல ஒரு மூலை கிடைச்சா முட்டுக் கொடுத்து ஏறிடும். நாலு பக்கமும் வலை, மேலேயும் வலை."

என் முதல் ஆலோசனையே அவுட். ஒரு பிராணிக்குச் சரியா வந்த டிசைனை இன்னொரு பிராணிக்கு அப்படியே காப்பி பண்ணக் கூடாது.

நம்ம ஊர்லயும் இந்த வரிசையில ஒரு இடம் உண்டு. ராமுலஸ் விட்டேக்கர் 1972-ல கிண்டியில தொடங்கின பாம்புப் பண்ணை. சென்னையில ஸ்கூல் படிச்ச எல்லாரும் ஒரு தடவையாவது டூர் போயிருப்போம். நான் ஆறாம் வகுப்புல போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. அசையவே இல்ல. நாங்க இருபது பேர் சேர்ந்து கண்ணாடியைத் தட்டினோம். டீச்சர் வந்து திட்டினாங்க. பாம்பு அதிர்வை உடம்பால உணரும்னு எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சதுக்கு அப்புறம், இருபது பிள்ளைகள் ஒரே நேரத்துல தட்டினது அதுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறப்போ வெட்கமா இருக்கு.

அதே 1972-ல இந்தியாவுல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம்ம மலைப்பாம்பு அந்தச் சட்டத்தோட உச்சப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. வீட்டுல வளர்க்கிறது குற்றம். இதை இப்பவே சொல்லிடறேன், ஏன்னா இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாராவது தோட்டத்துல அளவெடுக்க ஆரம்பிச்சுடக் கூடாது.

இழுப்பறைக்குள்ள ஒரு வாழ்க்கை

இதுவரைக்கும் கதை நல்லாத்தான் போச்சு. பெட்டியில இருந்து கட்டடம், கட்டடத்துல இருந்து வெளிச்சம், வெளிச்சத்துல இருந்து திறந்த வெளி. ஆனா வீட்டுல வளர்க்கிற மலைப்பாம்புகளோட வரலாறு நேர் எதிர்த்திசையில போச்சு.

1992-ல அமெரிக்காவுல பாப் கிளார்க்ங்கிற வளர்ப்பாளர் அல்பினோ பால் பைத்தான்களைக் கூண்டுக்குள்ளேயே இனப்பெருக்கம் பண்ணிக் காட்டினார். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவோட சின்ன வகை மலைப்பாம்பு. வெள்ளை, மஞ்சள்னு புதுப் புது நிறத்துல குட்டி வந்தா ஒவ்வொண்ணும் பெரிய விலை. கொஞ்ச வருஷத்துல அது ஒரு தொழிலாவே ஆயிடுச்சு. தொழில்னு வந்தா இடத்துக்கும் கணக்கு வரும். அலமாரி மாதிரி ஒரு சட்டம், அதுல இழுப்பறை இழுப்பறையா பிளாஸ்டிக் டப்பா, அடியில பழைய பேப்பர், பின்னாடி சூடேத்துற ஒரு பட்டை. ஒரு டப்பாவுக்கு ஒரு பாம்பு. ஒரு அறைக்குள்ள நூத்துக்கணக்குல வைக்கலாம்.

இதுக்கு ஒரு நியாயமும் சொன்னாங்க: "பாம்புக்கு நெருக்கமான இடம்தான் பிடிக்கும், பெரிய இடத்துல விட்டா பயப்படும்."

இதுல பாதி உண்மை. ஒளிஞ்சுக்க நெருக்கமான பொந்து இல்லன்னா பாம்பு உண்மையிலேயே பதறும், சாப்பிடாமக்கூட இருக்கும். ஆனா பொந்து பிடிக்கும்ங்கிறதும் பொந்துக்குள்ளேயே வாழ்க்கை முழுக்க இருக்கணும்ங்கிறதும் ஒண்ணா? எனக்கு என் பெட்ரூம் பிடிக்கும். அதுக்காக வெளியில பூட்டினா?

2019-ல கிளிஃபோர்ட் வார்விக்கும் அவரோட சக ஆய்வாளர்களும் இதைத் தனியா எடுத்து ஆராய்ந்தாங்க. கூண்டுல இருக்கிற பாம்புகள் எப்படிப் படுத்திருக்கு, எப்படி நகருதுன்னு உட்கார்ந்து கவனிச்சாங்க. மூணுல ஒரு பங்குக்கும் மேல, கவனிச்ச அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே உடம்பை நேரா, அல்லது கிட்டத்தட்ட நேரா நீட்டிக்கிச்சு. நீட்ட இடம் இருந்தா நீட்டும். அதனால கூண்டோட நீளம் பாம்போட நீளத்துக்குக் குறையாம இருக்கணும்ங்கிறது அவங்க வாதம்.

கேட்டா எவ்வளவு சாதாரணமா இருக்கு பாருங்க. ஒரு உயிர் தன் உடம்பை முழுசா நீட்டப் போதுமான இடம். முதல் ஊர்வன இல்லம் திறந்து 170 வருஷம் கழிச்சும் இதை ஆய்வுக் கட்டுரை எழுதி வாதாட வேண்டியிருக்கு.

வேலிக்கு வெளியில

இப்போ மூணாவது கேள்வி.

2013 ஆகஸ்ட், கனடாவோட நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துல கேம்பல்டன்னு ஒரு சின்ன ஊர். ஒரு கடைக்கு மேல இருந்த வீட்டுல, கண்ணாடி போட்ட ஒரு பெரிய கூண்டுல ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒண்ணு இருந்தது. ஒரு ராத்திரி அது கூண்டுக்கு மேல இருந்த காற்றோட்டக் குழாய் வழியா ஏறி, பாரம் தாங்காம குழாய் உடைஞ்சு, பக்கத்து அறையில விழுந்தது. அங்கே தூங்கிட்டு இருந்த ரெண்டு சின்னப் பையன்கள் இறந்துபோனாங்க. ஒருத்தனுக்கு ஆறு வயசு, ஒருத்தனுக்கு நாலு.

அந்தச் செய்தியைப் படிச்சுட்டு நான் லேப்டாப்பை மூடிட்டேன். அன்னைக்கு மேற்கொண்டு எதுவும் படிக்கல. கூண்டு பெருசாத்தான் இருந்தது. குழாய் வாய்க்குச் சரியா மூடி இல்ல. அவ்வளவுதான்.

அடுத்தது ஃப்ளோரிடா. இது ஒரு வீட்டோட முடியல.

அமெரிக்காவுல பர்மிய மலைப்பாம்பு ரொம்பப் பிரபலமான வளர்ப்புப் பிராணி. 1996-ல இருந்து 2006 வரைக்கும் ஏறத்தாழ 99,000 பாம்புகள் இறக்குமதி ஆச்சு. குட்டியில கை அளவு. சில வருஷத்துல அஞ்சு மீட்டரைத் தொடும். வளர்க்க முடியாதவங்க ராத்திரியோட ராத்திரியா கொண்டுபோய் எவர்க்லேட்ஸ் சதுப்பு நிலத்துல விட்டாங்க. அங்கே முதல் பர்மிய மலைப்பாம்பு 1979-லயே ரோட்டோரமா கிடைச்சது.

அப்புறம் 1992 ஆகஸ்ட் 24. ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவை அடிச்சு நொறுக்கினது. எவர்க்லேட்ஸ் பக்கம் இருந்த ஒரு பாம்பு வளர்ப்பு நிலையமும் அழிஞ்சு, பாம்புகள் காட்டுக்குள்ள போச்சு. இன்னைக்கு இருக்கிற மொத்தப் பாம்புக்கும் அந்தப் புயல்தான் காரணம்னு சொல்லிட முடியாது. மக்கள் கொண்டுபோய் விட்டதும் சேர்ந்துதான். ஆனா ஒரு கட்டடத்தோட கூரையும் சுவரும் புயலைத் தாங்கலைன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது.

2000-ல, இந்தப் பாம்பு எவர்க்லேட்ஸ்ல நிரந்தரமாப் பெருகிடுச்சுன்னு அதிகாரபூர்வமா ஒத்துக்கிட்டாங்க. 2012-ல வந்த ஒரு ஆய்வு, சாலையோரத்துல விலங்குகளை எண்ணின பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் ஒப்பிட்டது. ரக்கூன் 99.3 சதவீதம் குறைஞ்சிருந்தது. ஒப்போசம் 98.9 சதவீதம். பாப்கேட்ங்கிற காட்டுப்பூனை 87.5 சதவீதம். அதே வருஷம்தான் அமெரிக்க அரசு பர்மிய மலைப்பாம்பு இறக்குமதியைத் தடை பண்ணினது. முதல் பாம்பு கிடைச்சு 33 வருஷம் கழிச்சு.

பாம்பு மேல ஒரு குற்றமும் இல்ல. அது பாட்டுக்குச் சாப்பிட்டது, முட்டை போட்டது. தப்பு பண்ணினது, வளர்ந்தா எங்கே வைப்போம்னு யோசிக்காம வாங்கின மனுஷன்.

கடப்பாரையோட போன ரெண்டு பேர்

2013-ல ஃப்ளோரிடாவுல ஒரு போட்டி நடத்தினாங்க. மலைப்பாம்பு பிடிச்சா பரிசு. ஏறக்குறைய 1,600 பேர் பதிவு பண்ணினாங்க. ஒரு மாசத்துல கிடைச்சது 68 பாம்பு.

அந்தப் பாம்பு கண்ணுக்குத் தெரியாது. உடம்புல இருக்கிற கோலம் காய்ஞ்ச புல்லோட அப்படியே கலந்துடும். பக்கத்துலயே கிடந்தாலும் தாண்டிப் போயிடுவோம்.

2017 ஜனவரியில ஃப்ளோரிடா அரசு ரெண்டு பேரை வரவழைச்சது. மாசி சடையன், வடிவேல் கோபால். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். பாம்பு பிடிக்கிறது பரம்பரைத் தொழில். விட்டேக்கரும் கூடப் போனார். மத்தவங்க வண்டியில உட்கார்ந்து ரோட்டோரமாத் தேடிட்டு இருந்தாங்க. இவங்க ரெண்டு பேரும் இறங்கிப் புதருக்குள்ள நடந்தாங்க. பாம்பு உரிச்ச சட்டை, எச்சம், புல் சாய்ஞ்சிருக்கிற விதம், மண்ணுல இழுபட்ட தடம், இதெல்லாம் அவங்களுக்கு எழுத்து மாதிரி. முதல் எட்டு நாள்ல 13 பாம்பு பிடிச்சாங்க. அதுல ஒண்ணு, கைவிடப்பட்ட ஒரு ஏவுகணைத் தளத்துல ஒளிஞ்சிருந்த 16 அடிப் பெண் பாம்பு.

இதைப் பத்திச் செய்தி வந்தப்போ நம்ம எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணினோம். நானும்தான். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு, அதை நான் இப்போதான் படிச்சேன்.

ஒரு காலத்துல இருளர்களோட வருமானமே பாம்புத் தோல். இங்கே பிடிச்ச பாம்போட தோல், வெளிநாட்டுல கைப்பையாவும் செருப்பாவும் ஆச்சு. 1972 சட்டமும் 1976-ல வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்திச்சு. பாம்புகளுக்கு அது தேவைதான். ஆனா ஒரு சமூகத்தோட சோறு ஒரே நாள்ல சட்டவிரோதம் ஆச்சு. அப்புறம் 1978-ல இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பைக் கொல்லாம பிடிச்சு, கொஞ்ச நாள் பானையில வச்சு, விஷம் எடுத்துட்டுத் திரும்பக் காட்டுலயே விடுற முறை. இந்தியாவுல பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் பெரிய ஆதாரம்.

அந்தப் பானையும் ஒரு கூண்டுதான். மண்பானை, மேல துணி கட்டியிருக்கும். சின்னது, இருட்டு, குளிர்ச்சி. ஆனா பாம்பு அதுல இருக்கிறது சில வாரம்தான். திறந்து விடுற தேதி முதல்லயே முடிவாயிருக்கும். இழுப்பறைக்கும் பானைக்கும் இருக்கிற வித்தியாசம் அதுதான்.

நம்ம ஊர்ல மலைப்பாம்பைத் தொட்டா குற்றம்னு சட்டம் சொல்லுது. அதே கைகளை, மலைப்பாம்பைப் பிடிச்சுத் தர இன்னொரு நாட்டு அரசு பதிமூணாயிரம் கிலோமீட்டருக்கும் மேல தள்ளிக் கூட்டிப் போச்சு. யாரோ ஒருத்தர் சரியா மூடாத கூண்டுக்காக. 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. கிடைக்க வேண்டியதுதான்.

அதே நேரத்துல, பாங்காக்ல இருந்து வர்ற விமானத்துல, சூட்கேஸுக்குள்ள பால் பைத்தான் குட்டிகளைத் திணிச்சுக் கொண்டு வந்தவங்களைச் சென்னை ஏர்போர்ட்ல பிடிச்சாங்கன்னு அடிக்கடி செய்தி பார்க்கிறோம். வாங்க ஆள் இருக்கிறதாலதான் கொண்டு வர்றாங்க. நம்ம வயசுப் பசங்கதான் வாங்குறாங்க, ரீல்ஸ்ல காட்ட. தயவுசெஞ்சு வேண்டாம். ஃப்ளோரிடாவும் கையளவு குட்டியில இருந்துதான் ஆரம்பிச்சது.

மறுபடியும் பிரிஸ்பேன்

ஆஸ்திரேலியா இந்த விஷயத்துல கெட்டுத் திருந்தின ஊர். கரும்பு வண்டை ஒழிக்கிறேன்னு 1935-ல குயின்ஸ்லாந்துக்குள்ள ஒரு வெளிநாட்டுத் தேரையைக் கொண்டு வந்து விட்டாங்க. வண்டு போகல, தேரை கண்டம் முழுக்கப் பரவிட்டு இருக்கு. இன்னைக்கு அங்கே வெளிநாட்டுப் பாம்பு எதையும் வீட்டுல வளர்க்க முடியாது. பால் பைத்தானுக்கும் இடமில்ல, பர்மிய மலைப்பாம்புக்கும் இடமில்ல. உள்ளூர்ப் பாம்பு மட்டும், அதுவும் உரிமத்தோட.

அண்ணனோட பிளானை இந்த மூணு கேள்வியோட திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வீடியோ கால்ல உட்கார்ந்தோம்.

பாம்புக்கு: நாலு மீட்டர் நீளம் தாராளம். மரமேறிப் பாம்புங்கிறதால உயரமும் வேணும். குறுக்கும் நெடுக்குமா கிளைகள், வெயில் படுற உயரத்துல ஒரு பலகை, கீழே முழு உடம்பும் முங்குற அளவு தண்ணித் தொட்டி. ரெண்டு ஒளிவிடம், சூடான பக்கம் ஒண்ணு, நிழல் பக்கம் ஒண்ணு. பிரிஸ்பேன் குளிர்கால ராத்திரி பத்து டிகிரி வரைக்கும் இறங்கும். அதனால ஒரு பெட்டிக்குத் தடிமனான பலகை, உள்ளே தெர்மோஸ்டாட்டோட ஒரு ஹீட்டர்.

வலை: பாம்போட தலை நுழைஞ்சா உடம்பும் நுழைஞ்சிடும்னு வச்சுக்கணும். அதனால சின்னக் கண்ணி. மூக்கால தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கிக்கும்கிறதால சொரசொரப்பு இல்லாத, பூச்சுப் போட்ட வலை. எலி கீழே குடைஞ்சு ஓட்டை போட்டா அதே ஓட்டையில பாம்பு வெளியேறும். அதனால மண்ணுக்கு அடியிலயும் வலை.

கதவு: ஒண்ணு இல்ல, ரெண்டு. முதல் கதவுக்குள்ள போய், அதை மூடிட்டுத்தான் ரெண்டாவதைத் திறக்க முடியும். ரெண்டுக்கும் பூட்டு. பொண்ணுக்கு எட்டாத உயரத்துல. 1852-ஐ நினைச்சு இதை நான்தான் சொன்னேன்.

ஒயர் போற ஓட்டை: பிளான்ல ஹீட்டர் ஒயருக்கு ஒரு பைப் வரைஞ்சிருந்தார். வாயில மூடி வரையல. "அண்ணே, இது"ன்னேன். கேம்பல்டனைப் பத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அவர் பொண்ணு பக்கத்து அறையில பாட்டுப் பாடிட்டு இருந்தது கேட்டது. பேனாவை எடுத்து அந்தப் பைப்பை முழுசா அடிச்சுட்டு, ஒயர் மட்டும் போற அளவு ஒரு இறுக்கமான அடைப்பை வரைஞ்சார்.

ஒரு தப்பைக் கண்டுபிடிச்ச தெம்புல அடுத்ததுக்குப் போனேன். "வெயில் வேணும்னு சொல்றீங்க, ஆனா திறந்த பக்கத்தை வடக்குப் பார்த்து வச்சிருக்கீங்களே. தெற்குப் பக்கம் மாத்துங்க." அண்ணன் சிரிச்ச சிரிப்பு இருக்கே. "டேய், நான் பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் இருக்கேன்டா. இங்க குளிர்கால வெயில் வடக்குல இருந்துதான் வரும். பாப்பா சூரியனை எந்தப் பக்கம் வரைஞ்சிருக்கா பாரு." பார்த்தேன். வடக்குப் பக்கம்தான்.

கடைசியா நான் கேட்டது புயல். "நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது பெரிய காத்து அடிச்சு மரம் சாய்ஞ்சு கூண்டு மேல விழுந்தா?" அவங்க ஊர்ல கோடையில இடியும் ஆலங்கட்டி மழையும் சகஜம். இதுக்கு மட்டும் அவர்கிட்ட பதில் இல்ல. ஒரு வாரம் கழிச்சு அனுப்பின புதுப் பிளான்ல, சூடான ஒளிவிடப் பெட்டியைத் தனியாக் கழற்றுற மாதிரி மாத்தியிருந்தார். பாம்பு உள்ளே இருக்கும்போது வாயைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பெட்டியோட தூக்கி வீட்டுக்குள்ள கொண்டு போயிடலாம். வானிலை எச்சரிக்கை வந்தா அன்னைக்குக் காலையிலயே பாம்பு உள்ளே. பக்கத்து மரத்தையும் வெட்டல, கூண்டைத்தான் அஞ்சு மீட்டர் தள்ளி வச்சார்.

கட்டி முடிச்சு மூணு வாரம் காலியாவே வச்சிருந்தார். ரெண்டு மழை பார்த்தார். தண்ணி தேங்குற ஒரு மூலையைச் சரி பண்ணினார். அப்புறம்தான் பாம்பை விட்டார். முதல் நாலு நாள் பெட்டியை விட்டு வெளியிலயே வரல. அஞ்சாவது நாள் காலையில எனக்கு ஒரு போட்டோ வந்தது. கிளை மேல, வடக்கு வெயில்ல, தலையில இருந்து வால் வரைக்கும் நேரா நீட்டிப் படுத்திருந்தது.

அவர் எதுவும் எழுதல. நானும் ஒரு தம்ஸ் அப் மட்டும் போட்டேன்.

இந்த வாரத்துக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோடுல சந்திப்போம். வணக்கம்.